காஸ் எப்போ கணக்குக்கு அடங்கும்?

வணக்கம் நேயர்களே. அழுத்தத்தை ரெண்டு மடங்காக்கினா காஸோட கனஅளவு பாதியாயிடும், சூடாக்கினா விரியும், எந்த காஸா இருந்தாலும் ஒரே கணக்குதான்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அந்தக் கணக்குக்கு அச்சு பிசகாம அடங்குறதைத்தான் நல்லியல்பு வாயுன்னு சொல்றோம். ஆக்சிஜன் நல்லியல்பு வாயுவா சார், கார்பன் டை ஆக்சைடு அப்படி இல்லையா சார்னு பசங்க கேப்பாங்க. எவ்வளவு அழுத்தத்துல, எவ்வளவு சூட்டுலன்னு சொல்லாம அதுக்குப் பதிலே கிடையாது, இதை நான் போற இடமெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்.

இப்போ நீங்க மூச்சு விடற காத்தையே எடுத்துக்கோங்க. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அதோட அகலத்தைப் போல சுமார் பத்து மடங்கு இடைவெளி, அதனால ஒண்ணையொண்ணு இழுக்கிறது பெருசா எடுபடாது, கணக்கு அழகா வந்துடும். சூடு அதிகமானா வேகமும் அதிகம், இழுப்பு இன்னும் எடுபடாது. அழுத்தம் கம்மி, சூடு அதிகம், இது ரெண்டும் இருந்தா போதும்.

சரி, எவ்வளவு சூடு? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷன் வர்றார், பெல்ஃபாஸ்ட்ல இருந்த தாமஸ் ஆண்ட்ரூஸ். மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல கார்பன் டை ஆக்சைடை அடைச்சு, ஸ்க்ரூவைத் திருகித் திருகி அமுக்கினார். அடியில திரவம், மேல காஸ், நடுவுல தெளிவா ஒரு கோடு. மெதுவா சூடாக்கிக்கிட்டே போனா 31 டிகிரி கிட்ட அந்தக் கோடு மங்கி, வளைவு போய், கடைசியில காணாமலே போயிடுது, குழாய் முழுக்க அலையலையா ஏதோ ஒண்ணு நெளியுது! அதுக்கு மேல எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகல. 1869-ல லண்டன் ராயல் சொசைட்டியில இதை விவரமா சொன்னார். அந்த 31 டிகிரியைத்தான் மாறுநிலை வெப்பநிலைன்னு சொல்றோம். யோசிச்சுப் பாருங்க, நம்ம சென்னை வெயில் அதைச் சாதாரணமா தாண்டிடும், நைட்ரஜனுக்கோ அது மைனஸ் 147. மாறுநிலையை விட எவ்வளவு மேல இருக்கோ அவ்வளவு நல்லா கணக்குக்கு அடங்கும், அதனாலதான் நம்ம ரூம் சூட்டுல நைட்ரஜன் சொன்ன பேச்சு கேக்குது, கார்பன் டை ஆக்சைடு அமுக்கினதும் முரண்டு பிடிக்குது.

இதுல நடைமுறை விஷயமும் இருக்கு. ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர்ல மீட்டர் முள் பாதிக்கு வந்தா காஸும் ஏறக்குறைய பாதி. 150 மடங்கு காற்றழுத்தத்துல கூட பிசகு சுமார் 5 சதவீதம்தான். ஆனா வீட்டு சமையல் காஸ் உள்ள திரவமா இருக்கு, கடைசிச் சொட்டு ஆவியாகற வரைக்கும் அழுத்தம் பெருசா இறங்காது, அதை எடை போட்டுத்தான் பாக்கணும், திரும்பவும் சொல்றேன், எடைதான்.

நேரமாச்சுன்னு கை காட்டறாங்க. வான் டெர் வால்ஸ்னு ஒரு டச்சு விஞ்ஞானி 1873-ல அந்த நல்லியல்பு வாயு கணக்குல ரெண்டு திருத்தம் போட்டார், மூலக்கூறு அடைக்கிற இடத்துக்கு ஒண்ணு, இழுப்புக்கு ஒண்ணு, அதை விரிவா சொல்லத்தான் வந்தேன். ஹீலியத்துக்கு மாறுநிலை மைனஸ் 268, 1908-ல நெதர்லாந்துல இருக்கிற லைடன்ல காமர்லிங் ஓனஸ்ங்கற விஞ்ஞானி அதையும் திரவமாக்கிட்டார், அதையாவது சொல்லிடறேன். வணக்கம்.