ஆடாத முள்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டு வந்தவன். சுற்றியிருக்கும் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, கருமக்கிரியை எதுவானாலும் என் பெட்டிகளும் கம்பிச் சுருள்களும் முதல் நாளே போய் இறங்கிவிடும். எனக்குப் பாடத் தெரியாது. சங்கீதமும் முறையாகப் படித்ததில்லை. ஆனால் பாட்டின் ஏற்ற இறக்கத்தை அளந்து காட்டும் கருவி ஒன்றின் முன்னால் என் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறேன். இக்காலப் பாட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, அந்தக் கருவி சொன்னதைச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பழைய ஆம்பிளிஃபயர்களின் முகப்பில் சிறிய கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கும். உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் மெல்லிய முள். ஒலி ஏறினால் வலப்பக்கம் சாயும். தணிந்தால் இடப்பக்கம் விழும். வலது ஓரத்தில் சிவப்புக் கோடு. “முள் சிவப்பைத் தொட்டால் கை குமிழில் இருக்க வேண்டும்” என்பதுதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்ன முதல் பாடம். 1976-ஆம் ஆண்டு, பதினேழு வயதில் அவரிடம் சேர்ந்தேன். தோட்டத்துக் கல்யாணங்களில் பந்தலுக்குப் பின்னால், சாக்கு விரித்து, விடிய விடிய அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எவ்வளவு அழகாக ஆடும் தெரியுமா! புல்லாங்குழல் தொடங்கும்போது மெதுவாகத் தலை தூக்கும். வயலின்கள் சேரும்போது பாதி தூரம் போகும். பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு கணம் சட்டென்று கீழே விழும். அவர் மூச்சை உள்ளே இழுக்கும் இடம் அது. பிறகு பல்லவி. சரணத்தின் உச்சத்தில் சிவப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும். சில ஆண்டுகளில் எனக்கு முள்ளைப் பார்த்தே பாட்டைச் சொல்ல வந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு, ‘இது இன்ன பாட்டு, இப்போது இரண்டாவது சரணம் நடக்கிறது’ என்று சொல்லியிருக்கிறேன்.

2000-க்குப் பிறகு, ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் நண்பர் புதிய பாட்டுகள் அடங்கிய குறுந்தட்டு ஒன்றைக் கொடுத்தார். போட்டேன். முள் ஒரே பாய்ச்சலில் சிவப்புக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஒலியைக் குறைத்தேன், முள் கீழே இறங்கி, இறங்கிய இடத்தில் அப்படியே நின்றது. கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தேன். மறுநாள் வீட்டில் திருப்புளி எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். முள்ளில் ஒரு குறையும் இல்லை. பாட்டில்தான் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. இசைத்தட்டில் ஒலி என்பது ஒரு பள்ளம். அளவுக்கு மீறி உரத்துப் பதிந்தால் பள்ளம் அகன்று, ஊசி துள்ளிவிடும். தட்டே ஒரு கட்டுப்பாட்டை வைத்திருந்தது. 1982-இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. அதில் ஊசி இல்லை. துள்ளவும் எதுவும் இல்லை. இதற்கு மேல் போகாது என்று ஓர் உச்சவரம்பு மட்டும் உண்டு. 1990-களில் பதிவு நிறுவனங்களுக்கிடையே போட்டி மூண்டது. இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால், உரத்து ஒலிப்பதுதான் நன்றாக இருப்பதுபோல் காது ஏமாந்துபோகும். அதனால் மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கி, உயர்ந்த முனைகளை வெட்டி, பாட்டு முழுவதையும் உச்சவரம்போடு ஒட்டவைத்தார்கள். மேல்நாட்டில் இதற்குச் சத்தப் போர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் என்னைப் பொறுக்க முடியாமல் செய்வது ஒன்று உண்டு. இப்போது ஸ்போட்டிஃபை, யூடியூப் போன்ற சேவைகள், உரத்த பாட்டு வந்தால் தாங்களே அதன் ஒலியைக் குறைத்துவிடுகின்றன. அப்படியென்றால் இந்தப் போரில் இனி யாரும் வெல்ல முடியாது. நசுக்கியது நசுக்கியதுதான், உரப்பும் கிடைக்காது. ஆனாலும் நசுக்குவதை நிறுத்த மனம் வரவில்லை.

ஒலிபெருக்கிக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. பாட்டு உரக்க ஒலிக்கும்போது அது சூடாகும், தணியும்போது ஆறும். பழைய பாட்டுகளில் சுருளுக்கு இளைப்பாற இடம் இருந்தது. நசுக்கிய பாட்டுகளில் கிடையாது. ஒரு கல்யாணத்தில், நான் சாப்பிடப் போயிருந்த அரை மணி நேரத்தில், யாரோ குமிழை முழுவதும் திருப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது கருகல் வாடை. கீச்சென்ற மேல்சுருதி ஒலிக்கான இரண்டு பெட்டிகளில் சுருள் வெந்துபோயிருந்தது. அதே பெட்டிகளில் அதற்கு முன்பு எத்தனையோ இரவுகள் விடியும்வரை பாட்டுப் போட்டிருக்கிறேன். அவை ஒருநாளும் கருகியதில்லை.

பெட்டியை விடுங்கள், அது போனால் வேறு வாங்கலாம். பாட்டின் நடுவே இருந்த அந்த இறக்கம் யாருக்காக இருந்தது என்பதுதான் என் பேச்சு. அதை நான் தொழிலில் கற்கவில்லை. பால்மரக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில் கற்றேன்.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் பொறுக்க நானும் கூடப் போவேன். இருட்டு விலகாத நேரம். தலைவிளக்குகள் மரத்துக்கு மரம் நகரும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் பாட்டை ஆரம்பிப்பார். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், அப்போது வானொலி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் திண்ணையில் கூடித்தான் கேட்பார்கள். ஒரு பாட்டு மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. அதனால் ஒருவர் பல்லவியைப் பிடித்து வைத்துக்கொள்வார், ஒருவர் முதல் சரணத்தை, இன்னொருவர் இரண்டாவதை. மறுநாள் காட்டில்தான் பாட்டு முழுசாகச் சேரும். அம்மா ஓர் அடியைப் பாடிவிட்டு, வெட்டுக்கத்தியை மரத்தில் வைத்து இழுக்கும் நேரத்துக்கு நிறுத்துவார். அந்த இடைவெளியில் பக்கத்து நிரையிலிருந்து அடுத்த அடி வரும். முகம் தெரியாது, குரல் மட்டும் மரங்களுக்கு நடுவிலிருந்து வரும்.

அந்த அடி வருவதற்கு இடம் வேண்டாமா? பாட்டு அந்த இடத்தை வைத்துக்கொடுத்திருந்தது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நாமும் மூச்சு வாங்கி, சேர்ந்து ஏறிக்கொண்டோம். முள் விழுந்த இடம் எல்லாம் எங்கள் இடம்.

இன்று அந்தக் காட்டில் செம்பனை நிற்கிறது. பாட்டு ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக ஓடுகிறது. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். காலம் மாறத்தான் செய்யும். ஆனால் பாட்டைச் செய்கிறவர்கள் மூச்சையே வெட்டி எடுக்கிறார்களே, அது காலத்தின் வேலை இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் உட்கார்ந்து செய்யும் வேலை. அடிகளுக்கு நடுவே பாடகர் காற்றை உள்ளிழுக்கும் ஓசையைக் கணினியில் தேடித் தேடித் துடைத்துவிடுகிறார்கள். அப்படித் துடைத்த பாட்டைக் கேட்டால், பாடுகிறவருக்கு நெஞ்சுக்கூடு இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வருகிறது.

குரலைத் திருத்தும் கருவியும் அப்படித்தான். ஆட்டோ-டியூன் 1997-இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட், முன்பு பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வலைகளை ஆராய்ந்தவர். அந்தக் கணக்கைத்தான் குரலுக்குக் கொண்டுவந்தார். அறிவார்ந்த வேலை, மறுக்கவில்லை. சுருதி கொஞ்சம் பிசகிய இடத்தில் கை கொடுத்தால் நல்லதுதான். ஆனால் நம் பாட்டு சுரத்தின் மேல் மட்டுமா நிற்கிறது? ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வழியில்தானே உயிர் இருக்கிறது! தாலாட்டுப் பாடும் பாட்டியின் குரலில் அது உண்டு, ஒப்பாரியில் உண்டு, தேவாரத்தில் உண்டு. கருவியை முழு வேகத்தில் முடுக்கிவிட்டால், அந்த வழுக்கலையெல்லாம் படிக்கட்டாக வெட்டிவிடுகிறது. பிறகு பத்துப் பேர் பாடினாலும் ஒருவர் பாடியதுபோல்தான் இருக்கிறது.

அடுத்தது சொல். என் பேத்திக்கு ஒன்பது வயது, தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். ஒருநாள் புதிய பாட்டு ஒன்றைத் துள்ளித் துள்ளிப் பாடினாள். “இந்த வரிக்கு என்ன அர்த்தம், கண்ணு?” என்று கேட்டேன். “தெரியாது தாத்தா, அப்படித்தான் கேட்கிறது” என்றாள். நல்ல தலையணிக் கேட்பியை மாட்டிக்கொண்டு நானே மூன்று முறை கேட்டேன். எனக்கும் அந்த வரி பிடிபடவில்லை. மேளமும் கணினி ஓசையும் குரலுக்குச் சமமாக ஏறி நிற்கின்றன. இடுக்கில் சொல் நசுங்கிக் கிடக்கிறது. ‘ழ’ எங்கே போயிற்று, ‘ற’ எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது.

டி.எம். சௌந்தரராஜனின் தாய்மொழி சௌராட்டிரம். பி. சுசீலாவின் தாய்மொழி தெலுங்கு. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ‘ழ’கரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று பள்ளி ஆசிரியருக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள் இருவரும்தான். இந்த நாட்டில் நம் பிள்ளைகள் வெளியே போனால் மலாய், கடைக்குப் போனால் ஆங்கிலம். வீட்டுக்கும் பள்ளிக்கும் அப்பால் அவர்கள் காதில் விழும் தமிழ், பெரும்பாலும் பாட்டில் வரும் தமிழ்தான். அதைத் தெளிவாகக் கொடுக்கச் சொல்வதில் என்ன தவறு?

புதியது என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் இசைத்தொகுப்பு வெளியிட்டபோது என்னிடம் வேலை செய்த தம்பிகள் அதைத்தான் ஓயாமல் போட்டார்கள். தமிழ் ராப் எனக்குப் புதிது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அடித்து வைத்ததுபோல் வந்து விழுந்தது. நம் மண்ணில் பிறந்த குரல் என்று பெருமையாக இருந்தது. உரத்த ஓசையும் எனக்குப் பகை இல்லை. உறுமி மேளத்தைவிட உரத்தது எது? திருவிழாவில் கரகம் வரும்போது உறுமி மெல்ல முனகத் தொடங்கும். தப்பு மேளம் சேரும், வேகம் ஏறும், சாமி வரும்போது நெஞ்சே அதிரும். சாமி மலையேறியதும் அடி நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் குழந்தை அழுவதுகூடக் கேட்கும். முனகலில் தொடங்கியதால்தான் அந்த அதிர்ச்சிக்கு வலிமை. இது மேளக்காரப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

கல்யாண மண்டபங்களில் இப்போது நடப்பது வேறு. கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள், பல வருடங்கள் கழித்துப் பார்த்தவர்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து கையால் பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் பணியிட நலவாழ்வு ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 85 டெசிபல் ஓசையை 8 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். ஒலிபெருக்கிக்கு முன்னால் ஆடும் பிள்ளைகள் மூன்று மணி நேரம் நிற்கிறார்கள். ஒலியைக் குறைத்ததற்காக நானே பலமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். குறைத்ததற்கு ஒருநாளும் வருந்தியதில்லை.

முன்னிசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இணையச் சேவைகளில் ஒரு பாட்டை 30 நொடி கேட்டால்தான் அது கணக்கில் சேரும் என்று ஸ்போட்டிஃபை வைத்திருக்கிறது. கேட்பவர் அதற்குள் அடுத்ததைத் தட்டிவிடக் கூடாதே என்று, எடுத்த எடுப்பிலேயே பல்லவியை நம் முகத்தில் எறிகிறார்கள். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் அந்த நாட்டின் புகழ்பெற்ற பாட்டுகளை அளந்து பார்த்திருக்கிறார். 1980-களின் நடுவில் 20 நொடிக்கு மேல் இருந்த முன்னிசை, 2015-இல் சுமார் 5 நொடியாகச் சுருங்கிவிட்டது. நம் பாட்டுகளை யாராவது அப்படி அளந்தால் நன்றாக இருக்கும். எஞ்சியிருக்கும் முன்னிசையின் மேலும் அறிவிப்பாளர்கள் பேசிவிடுகிறார்கள். இதை இந்த நிலையத்தில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்று வரும்போது, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் விட்டுப்போன இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தம்பி அதைத் துடைத்து, ஊசி வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கைகாட்டினார். ஆரம்பத்தில் கொஞ்சம் கீறல் ஓசை வரும். பிறகு, பாடுகிறவர் வாய் திறப்பதற்கு முன் புல்லாங்குழலும் வயலின்களும் 38 நொடி ஒலிக்கும். நேற்று இரவு கடிகாரம் வைத்து எண்ணிப் பார்த்தேன். அறிவிப்பாளர் தங்கையிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த 38 நொடியை அப்படியே விட்டுவிடம்மா. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களை முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வணக்கம்.