சொந்தக்காரர் இல்லாத மென்பொருள்

நேயர்களுக்கு வணக்கம்.

மனு, கடிதம், மார்க் பட்டியல் என்று எதையாவது கணினியில் அடிக்காத வீடு இன்று குறைவு. அதற்கெல்லாம் உதவும் லிப்ரெஆபீஸ் மென்பொருளின் மெனுச் சொற்களைத் தமிழில் எழுத ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தவன் நான். ‘சேமி’ என்று இரண்டே எழுத்தில் ஒரு சொல் அடங்கிவிட்டால் மனசு நிறைந்துவிடும். பல சொற்கள் பொத்தானை விட்டு வெளியே நீளும்.

“இதுக்கு முதலாளி யாரு?” என்று எல்லோரும் கேட்பார்கள். யாரும் இல்லை. எனக்கு இதில் மிகப் பிடித்ததும் அதுதான்.

இதற்கு முன்னால் இருந்தது ஓபன்ஆபீஸ். 2000-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனி அதன் மூலநிரலை, அதாவது அந்த மென்பொருளை உருவாக்கும் கட்டளைகளை, பொதுவில் வைத்தது. பத்து வருடம் உலகம் முழுவதும் ஆட்கள் உழைத்தார்கள். 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் என்ற இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது. வீட்டை விற்கிறவர் குடியிருப்பவரைக் கேட்டா விற்கிறார்? அந்த நிலைமைதான். நிரலை யாரும் எடுத்துப் போகலாம், உரிமம் அப்படி. பெயர் மட்டும் கம்பெனிக்குச் சொந்தம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உழைத்தவர்களில் பலர் சேர்ந்து ‘த டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பை அறிவித்தார்கள். பழைய பெயரைத் தரும்படி ஆரக்கிளைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. தற்காலிகமாக வைத்த லிப்ரெஆபீஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

சரி, இனி யாரும் விலைக்கு வாங்க முடியாதபடி என்ன செய்வது? ஜெர்மனியில் அறக்கட்டளையாகப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தார்கள். அதற்கு 50,000 யூரோ மூலதனம் வேண்டும். 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் கேட்டார்கள். எட்டே நாள்! பணம் சேர்ந்துவிட்டது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, இன்னும் அலுக்கவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் பெர்லினில் பதிவானது. அறக்கட்டளைக்குப் பங்குதாரர் கிடையாது. எழுதி வைத்த நோக்கத்தை நினைத்தபடி மாற்ற முடியாது, அரசின் மேற்பார்வையும் உண்டு. ஊர்ப் பொதுக்குளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், யார் நடத்துவது? குறைந்தது மூன்று மாதம் வேலை செய்து காட்டி, இன்னும் ஆறு மாதமாவது செய்வேன் என்று சொல்பவர் உறுப்பினராகலாம். நிரல் எழுதத்தான் வேண்டும் என்றில்லை, மொழிபெயர்ப்பும் வேலைதான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் ஓட்டுப் போட்டு ஏழு பேர் கொண்ட இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிரல் எழுதுவதில் பெரும்பங்கு கம்பெனி ஊழியர்களுடையது, அது தேவையும்கூட. ஆனால் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அந்த ஏழு பேரில் இரண்டு பேருக்கு மேல் இருக்க முடியாது. இரண்டு பேர்தான். மறுபடியும் யார் கையிலும் மொத்தமாகப் போய்விடக் கூடாது இல்லையா?

வரவுசெலவு பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்கிறார்கள். வருமானத்தில் பெரும்பகுதி தனிமனிதர்கள் தரும் சிறு நன்கொடை. சர்வர்கள், சம்பளத்துக்கு இருக்கும் சிறிய குழு, ஆண்டு மாநாடு எல்லாம் அதில்தான் நடக்கின்றன. மொழிபெயர்ப்புக்கு இன்னும் ஆட்கள் வேண்டும். தமிழ் தட்டச்சு தெரிந்தால் போதும், வாருங்கள். வணக்கம்.