எழுத்துக் குழுவுக்குப் புதிதாக ஒருவர் வருகிறாரா? ‘சூப்பர்’ மட்டும் வேண்டாம்

வணக்கம். எல்லாரும் நலம்தானே?

கதை, கவிதை எழுதுகிற ஆறேழு பேர் சேர்ந்து ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவ்வப்போது கூடுவது, எழுதியதை வாசிப்பது, பேசுவது. அங்கே ஒரு நாள் புதிதாக ஒருவர் வந்து ஓரமாக உட்காருகிறார். அவரை எப்படி வரவேற்பது? இன்றைக்குப் பேச்சு இதைப் பற்றித்தான்.

வழக்கமாக என்ன செய்வோம்? “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், பிடித்த எழுத்தாளர் யார்?” என்று ஆரம்பிப்போம். நமக்கு அது வரவேற்பு, வந்தவருக்கோ நேர்காணல். எந்தப் பெயரைச் சொன்னாலும் சுற்றியிருப்பவர்கள் அதை வைத்துத் தன்னை எடைபோடுவார்கள் என்று அவருக்கும் தெரியும். உண்மையில் பிடித்தவரை விட்டுவிட்டு, கனமான பெயராக ஒன்றை எடுத்துவிடுவார். எதற்கு இந்தச் சங்கடம்? பெயரைக் கேளுங்கள், கதையா கவிதையா என்று கேளுங்கள். போதும்.

அப்புறம், முதல் நாளே அவரை வாசிக்கச் சொல்லாதீர்கள். உட்கார்ந்து கேட்கட்டும். “இங்கே எல்லாரும் மனம் திறந்து பேசுவோம்” என்று நாம் ஆயிரம் முறை சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை. குழுவின் மூத்தவர் ஒருவர் கதை வாசிக்கிறார். “இரண்டாம் பக்கத்தில் எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது” என்கிறார் இன்னொருவர். மூத்தவர் முகம் சுளிக்காமல் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார். இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதியவருக்குத் தைரியம் வரும்.

கடைசியில் ஒரு பத்து நிமிடம் எல்லாரும் எழுதலாம். பேனாவை நிறுத்தாமல், அடிக்காமல், திருத்தாமல் மனதில் வந்ததை எழுதுவது. எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973-லேயே இதை வலியுறுத்தியிருக்கிறார். மூத்தவரும் புதிதாக வந்தவரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கே யார் புதியவர் என்ற பேச்சே இல்லை.

சரி, அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு கதையோடு வருகிறார். “சும்மா எழுதிப் பார்த்தேன், நல்லா இருக்குமான்னு தெரியல” என்று முன்னுரை வேறு. தலை நிமிராமல், ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வாசித்து முடிக்கிறார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. யாரோ ஒருவர், “சூப்பர்ங்க!”

இதுதான் எனக்குப் பிடிக்காதது. அன்பாகத்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. எந்த இடம் சூப்பர் என்று எழுதியவருக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து யாராவது ஒரு குறை சொன்னால், ‘அன்றைக்குச் சொன்னது உபசாரத்துக்குத்தான் போல’ என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கு நேர் எதிர் ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு. கதை முழுவதும் கேட்டுவிட்டு, “மூன்றாவது வரியில் ‘ப்’ விட்டுப்போச்சு” என்பார். ஐயா, சந்திப்பிழையைப் பிறகு பார்க்கலாம். முதல் முறை வாசிக்கிறவருக்கு முதலில் காதில் விழ வேண்டியது அதுவா?

பின்னே என்னதான் சொல்வது? கேட்டபோது உங்களுக்குள் என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள். இதுவும் எல்போ சொன்ன வழிதான். ஆசிரியர் என்று யாரும் இல்லாத எழுத்து வகுப்புக்கு அவர் சொன்னது: மனதில் ஒட்டிக்கொண்ட வார்த்தைகளைச் சுட்டிக்காட்டு, கேட்டதைச் சுருக்கிச் சொல், கேட்கக் கேட்க உனக்கு என்ன தோன்றியது என்று சொல். தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஒரு வரியை வைத்துப் பார்ப்போம். “அப்பா விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.” ஒருவர் சொல்கிறார், “அப்பா கோபமாக இருக்கிறார் என்று எனக்குப் பட்டது.” இன்னொருவர், “இல்லை, அழுதிருக்கிறார், முகத்தைக் காட்ட விரும்பவில்லை என்று நினைத்தேன்.” எழுதியவர் மனதில் இருந்ததோ, கரண்ட் போய்விட்டது என்பது மட்டும்தான்! இதை எந்தப் பாராட்டாலும் எந்தத் திட்டாலும் அவர் தெரிந்துகொண்டிருக்க முடியாது. கரண்ட் போனதைச் சொல்வதா, அந்த இருட்டை அப்படியே விட்டுவிடுவதா என்று இனி அவர் முடிவு செய்வார்.

‘நானாக இருந்தால்’ என்று ஆரம்பித்து, அப்பாவைச் சாகடித்து, வேறு முடிவு வைத்துத் தருகிற நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கதையை நீங்களே தனியாக எழுதிவிடுங்கள்.

வாசித்தவர் வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி பல பட்டறைகளில் உண்டு. 1956-ல் அமெரிக்காவில் மில்ஃபோர்ட் என்ற ஊரில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தொடங்கிய பட்டறை இதற்குப் பேர்போனது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள், எழுதியவர் கடைசியில்தான் பேசலாம். நியாயம் இருக்கிறது. புத்தகத்தை வாங்கிப் படிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து நாம் விளக்கம் சொல்லவா போகிறோம்? ஆனாலும் பழகாதவருக்கு அந்த மௌனம் விசாரணைக் கூண்டில் நிற்பது போலத்தான் இருக்கும்.

புதியவருக்கு எனக்குப் பிடித்தது லிஸ் லெர்மன் முறை. அவர் ஒரு நடன அமைப்பாளர். 1990-ல் வகுத்த இந்த முறையில் நான்கு படிகள். பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். அடுத்து, படைத்தவரே கேள்வி கேட்பார். பிறகு மற்றவர்கள் அவரைக் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்துவைக்கக் கூடாது. “ஏன் இவ்வளவு நீளம்?” என்பது கேள்வியே இல்லை, குறை. “கதை எத்தனை நாளில் நடக்கிறது?” என்பதுதான் கேள்வி. கடைசியில்தான் கருத்து, அதுவும் அனுமதி கேட்டு: “முடிவைப் பற்றி ஒன்று தோன்றுகிறது, சொல்லட்டுமா?” அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்பதில்லை. வேண்டாம் என்று சொல்லலாம் எனத் தெரிந்தாலே தோள் இறங்கிவிடும்.

ஆங், ஒன்று விட்டுப்போச்சு. கூட்டத்தில் வாசித்ததை எழுதியவரைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கூட்டத்தில் கடிகாரத்தைப் புதியவர் கையில் கொடுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம், நேரம் ஆனதும் நிறுத்தச் சொல்வது அவர் வேலை. குழுவிலேயே நீளமாகப் பேசுகிற மூத்தவரை அவர் தயங்கித் தயங்கி, “சார், நேரம் ஆச்சு” என்பார். மூத்தவர் கட்டாயம் நிறுத்தியாக வேண்டும். அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள், இல்லையென்றால் நிறுத்த மாட்டார்.

அவ்வளவுதான் இன்றைக்கு. அடுத்த வீடியோவில் பார்ப்போம்.