வேறு பந்தி

அன்பான சகோதர சகோதரிகளே,

இனவெறி என்றதும் துப்பாக்கி, சிறை, தீ வைத்த வீடுகள் என்றுதான் நம் மனசுக்கு வருகிறது. நான் ஒரு சாப்பாட்டுப் பந்தியிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தியோகியா சபை. யூதரும் புறஜாதியாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது. பேதுருவும் அவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யூதர் சிலர் வந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். யாரையும் அவர் திட்டியதாக எழுதப்படவில்லை. எழுந்து போனார், அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்ற யூதரும் போனார்கள். பர்னபாகூடப் போய்விட்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை எதிர்த்துக் கேட்டார். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை இன்று வீட்டுக்குப் போய் வாசியுங்கள். ‘ஏதோ சாப்பாட்டு விஷயம், விட்டுவிடலாம்’ என்று பவுல் நினைக்கவில்லை. சுவிசேஷத்தின் சத்தியமே அந்தப் பந்தியில் கோணிப்போனது என்கிறார்.

இனி தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். கர்த்தருடைய பந்தியில் நிற வேறுபாடு பார்க்கக் கூடாது என்று அங்கிருந்த டச்சு சீர்திருத்தச் சபை 1829-இல் முடிவு செய்திருந்தது. 1857-இல் அதே சபையின் பேரவை மறுபடி கூடியது. எல்லாரும் ஒரே சபையில் இருப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று அப்போதும் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் ஓர் ‘ஆனால்’ சேர்த்தார்கள். ‘சிலருடைய பலவீனத்தின்’ காரணமாக அது ஊழியத்துக்குத் தடையானால், வெள்ளையரல்லாதவர்கள் தனிக் கட்டடத்தில் ஆராதிக்கலாம்.

யார் அந்தப் பலவீனர்? கறுப்பு நிறத்துச் சகோதரனோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மனசு வராத வெள்ளைக்காரர்கள்! அவர்களைக் குணப்படுத்த வேண்டிய சபை, அவர்களுக்காக இடத்தை ஒழுங்கு செய்துகொடுத்தது. சலுகையாக வந்தது வழக்கமானது. 1881-இல் கலப்பினத்தவருக்கென்று தனி மிஷன் சபையே பிரிக்கப்பட்டது. 1948-இல் ஆட்சிக்கு வந்தவர்கள் நிறவெறியைச் சட்டமாக்கத் தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமை தோறும் பிரிந்து உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே அதிகம் வலிப்பது இதுதான். சட்டம் வருவதற்கு முன்பே பந்தி பிரிந்துவிட்டது.

ஆனால் எழுந்து கேள்வி கேட்டதும் அந்த ஒதுக்கிவைக்கப்பட்ட மிஷன் சபைதான். 1982-இல் கேப்டவுனுக்குப் பக்கத்தில் உள்ள பெல்ஹாரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தார்கள். 1986-இல் அதை முறையாக ஏற்றுக்கொண்டார்கள். சபையின் ஒருமை கடவுள் தந்த ஈவு, அதே நேரத்தில் நம் கடமையும் என்கிறது அது. அநீதிக்கு ஆளானவர்கள் பக்கம் கடவுள் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்கிறது. ‘ஒற்றுமையாக இருப்போம், பழசைக் கிளறாதீர்கள்’ என்று சொல்பவர்களை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். நியாயத்தைத் தள்ளிவைத்த ஒற்றுமையை பெல்ஹார் ஏற்கவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அறிக்கையோடு இணைத்த கடிதத்தில், முதல் கல்லை எறியத் தகுதியுள்ளவர் எங்களிலும் யாரும் இல்லை என்று எழுதினார்கள். மிதிபட்டவர்கள் எழுதிய வார்த்தை அது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, உலகத்துச் சண்டைகளில் விசுவாசிகள் எங்கே நிற்கிறார்கள்? ருவாண்டா மக்களில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். 1994 ஏப்ரலில் அங்கே ஹூட்டு இனத் தீவிரவாதிகள் டுட்சி இனத்தவரைக் கொன்று குவித்தபோது, நியாங்கே என்ற ஊரில் டுட்சி மக்கள் உயிர் தப்பப் பங்குக் கோவிலுக்குள் ஓடி வந்தார்கள். ஏறக்குறைய 1,500 பேர். கோவிலை புல்டோசர் வைத்து அவர்கள்மேல் இடித்துத் தள்ளினார்கள். அந்தப் பங்கின் குருவானவரே அதற்கு உடந்தை என்று ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது; 2008-இல் மேல்முறையீட்டில் அவருடைய தண்டனையை ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. ஞானஸ்நானத் தண்ணீரைவிட இனத்தின் ரத்தம் அங்கே கெட்டியாக இருந்தது. இதைச் சொல்லாமல் கிறிஸ்தவ ஐக்கியத்தைப் பற்றி மேடையில் பேச எனக்கு உரிமை இல்லை.

அதே நியாங்கேயில், மூன்றே வருஷம் கழித்து, 1997 மார்ச் 18 இரவு. மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆயுதம் தாங்கிய ஹூட்டுக் கும்பல் வகுப்பறைக்குள் நுழைந்தது. ஹூட்டுக்கள் ஒரு பக்கம், டுட்சிகள் ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்றார்கள். நாங்கள் எல்லாரும் ருவாண்டர்கள் என்று பிள்ளைகள் பதில் சொன்னார்கள். சுட்டார்கள், கையெறி குண்டு வீசினார்கள். பிள்ளைகள் சிலர் செத்தார்கள், பலர் காயப்பட்டார்கள்.

ஹூட்டுப் பிள்ளைகள் தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இத்தனைக்கும் பதின்வயதுப் பிள்ளைகள். பக்கத்தில் இருந்தவரை விட்டு யாரும் விலகிப் போகவில்லை.