கடுகும் சாணமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த தலைமையாசிரியர் அவர்களே, மைக் செட் தம்பி, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை ஒரு கதர்த்துண்டு போதும்.

எந்த எரிபொருளில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். வண்டி, அணு, அடுப்பு என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலில் வண்டி. ஆற்றலை அளக்கும் அலகு மெகாஜூல். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 44 மெகாஜூல் இருக்கிறது. மின்வண்டியில் வரும் லித்தியம் அயனி பேட்டரி ஒரு கிலோவில் 1 மெகாஜூல்கூடத் தேறாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது! ஆனால் பெட்ரோல் எஞ்சின் அதில் முக்கால் பங்கை வெறும் சூடாக விட்டுவிடுகிறது. மின்மோட்டார் அப்படி ஊதாரி இல்லை. ஹைட்ரஜன் பற்றியும் குறிப்பு எடுத்து வந்தேன், அது கிடக்கட்டும்.

அடுத்து அணு. அணு உலைக்கு எரிபொருளான யுரேனியம்-235 ஒரு கிலோவில் உள்ள அணுக்கள் முழுதும் பிளந்தால் சுமார் 8 கோடி மெகாஜூல். 18 லட்சம் கிலோ பெட்ரோலுக்குச் சமம். கடுகு என்றால் இதுதான் கடுகு. கல்பாக்கம் பற்றி இன்னொரு நாள் பேசலாம், ஏனென்றால் எனக்கு அடுப்புக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு கல்யாணம். சாம்பார் பாதி கொதியில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டரும் காலி! மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறகுக்கு ஓடினார். ஒரு கட்டு வந்தது, போதவில்லை. இரண்டாவது கட்டு வந்தது, ஈரம். கடைசியில் பந்தலுக்கு மிச்சமான சவுக்குக் கழிகளை வெட்டிப் போட்டார்கள். சமையல்காரர் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். பெண்ணைப் பெற்றவர்கூட அவ்வளவு அழவில்லை. புகைவாசத்தோடு வந்த சாம்பாரை மாப்பிள்ளையின் சித்தப்பா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

மாமன் ஏன் அத்தனை முறை ஓடினார்? கேஸில் கிலோவுக்கு 46 மெகாஜூல், காய்ந்த விறகில் 15. திறந்த அடுப்பு அதிலும் பெரும்பகுதியைக் காற்றில் விடும். அந்த 19 கிலோ சிலிண்டர் செய்யும் வேலைக்கு விறகு கால் டன்னாவது வேண்டும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். காரம் அடர்ந்திருக்க வேண்டியது எரிபொருளைச் சுமந்துகொண்டு ஓடும் வண்டிக்கு. அடுப்பு எங்கே ஓடுகிறது? மூடிய கலனில் சாணத்தைப் புளிக்கவிட்டால் வருவது சாண எரிவாயு. அது ஒரு கனமீட்டரில் 20 மெகாஜூல்தான், இடத்தை அடைக்கும். அடைக்கட்டுமே, கொல்லையில் இடம் இருக்கிறது. நான்கைந்து மாடு போடும் 50 கிலோ சாணத்தில் தினம் 2 கனமீட்டர் கிடைக்கும். மாதத்துக்கு 14.2 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய இரண்டு மிச்சம். சாணம் வீணாவதும் இல்லை, கழிவு வயலுக்கு எருவாகப் போகிறது.

நம் மாணவர் விடுதிக்குப் பின்னாலேயே மாட்டுத்தொழுவம் இருக்கிறது. அங்கே ஒரு சாண எரிவாயுக் கலன் கட்டித்தரக் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். பேரூராட்சித் தலைவர் இங்கேயே இருக்கிறார், கையோடு கொடுத்துவிடலாம். தாள் வாசல் மேசையில், பேனா செயலாளரிடம். காபிக்கு முன்னால் கையெழுத்து.