வாக்கரும் வீலரும்

நேயர்களுக்கு வணக்கம். எழுபது வருடத்துக்கு மேல் பழைய ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றி இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். டிஸ்னி நிறுவனம் 1950-இல் வெளியிட்ட 'மோட்டார் மேனியா'. இயக்கியவர் ஜாக் கின்னி. ஆறேழு நிமிடம்தான் ஓடும்.

தொங்கு காதும் துருத்திய பல்லுமாக வருவானே கூஃபி, அவன்தான் நாயகன். இதில் அவனுக்கு மிஸ்டர் வாக்கர் என்று பெயர். தரையில் எறும்பு போனால்கூட மிதிக்காத சாது. காரில் ஏறி உட்கார்ந்தாரோ இல்லையோ, முகம் கோணுகிறது, கோரைப்பல் முளைக்கிறது, மிஸ்டர் வீலர் ஆகிவிடுகிறார். ரோடு முழுக்கத் தன் பேரில் பட்டா இருப்பதாக நினைப்பு. சிக்னலில் பக்கத்துக் காரோடு பந்தயம். நிதானமாகப் போக மனம் வந்தாலோ, பின்னால் வருகிற ஒருவருக்கும் வழி விடமாட்டார்.

போருக்காக 1942-இல் நிறுத்திய கார் உற்பத்தி அமெரிக்காவில் 1945-இல்தான் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கார் வாங்கிய காலத்தில் வந்த படம் இது.

அப்புறம் வீலர் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறார். உடனே பழைய வாக்கர். தெருவைக் கடக்கப் பார்க்கிறார். ஒரு கார்கூட நிற்பதாக இல்லை, மேலே ஏற்றத்தான் வருகிறது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். அந்த ஊரில் எல்லோருக்கும் கூஃபி முகம்! விரட்டுகிறவனும் கூஃபி, ஓடுகிறவரும் கூஃபி. வில்லன் என்று தனியாக ஒருவனை வரையவே இல்லை கின்னி. காரை எடுத்ததும் வாக்கர் மறுபடி வீலர் ஆகிறார். பட்ட அடியெல்லாம் சுத்தமாக மறந்து போகிறது.

படம் முழுக்க ஒரு பின்னணிக் குரல், பள்ளி ஆண்டுவிழாத் தலைமையுரை மாதிரி வெகு கம்பீரமாக. கடைசியில் வண்டி நொறுங்கிப்போய், இன்னொரு வண்டி அதைக் கட்டி இழுத்துப் போகிறது. அப்போதும் அந்தக் குரல் விடாமல், கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஓட்டுங்கள் என்று புத்தி சொல்கிறது. வீலர் திரும்பி, "வாயை மூடு!" என்கிறார். படம் முடிந்தது.

இதைத்தான் அமெரிக்காவில் ஓட்டுநர் பயிற்சி வகுப்புகளில் போட்டுக் காட்டினார்கள். என்ன நம்பிக்கையோ!

சரி, காரில் போய்க்கொண்டே இந்த உரையைக் கேட்கிறவர்கள் யாராவது வீலர் சொன்னதையே என்னிடம் இப்போது சொல்லியிருந்தால், ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு அது கேட்காது. வணக்கம்.