பேசினால் மூன்று பென்ஸ்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். என் அணித் தோழர்களைத் தனியாக வணங்க நேரமில்லை, கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

'பத்தொன்பதாம் நூற்றாண்டில் உழைக்கும் பெண்ணை அதிகம் வாட்டியது வீடா, ஆலையா?' ஆலைதான் என்கிறேன். வீட்டில் பாடு இல்லையா என்றால், இருந்தது. அதை விடுங்கள். எதிரணி நண்பர் சற்றுமுன் ஒரு போடு போட்டாரே! "வேலை நேரத்தில் பேசினால் அபராதமாம், அது கொடுமையாம். நாலு பெண்கள் ஒன்றாக உட்கார்ந்தால் வேலை எங்கே நடக்கும்?" நீங்களும் கை தட்டினீர்கள். கவனித்தேன்.

சரி, அபராதக் கதைக்கே வருவோம். கிழக்கு லண்டன், பிரையண்ட் அண்ட் மே தீக்குச்சி ஆலை, 1888. பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு வாரக்கூலி நாலு ஷில்லிங் என்று எழுதினார் அன்னி பெசன்ட். பின்னாளில் நம் அடையாறுக்கு வந்தாரே, அதே அம்மையார்தான். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், வாரம் ஆறு நாள் வேலை. ஆக, ஒரு நாளைக்கு எட்டு பென்ஸ். பென்ஸ் என்றதும் வாசலில் எட்டு கார் நிற்பதாக நினைத்துவிடாதீர்கள். சில்லறை!

அந்த எட்டில்தான் பிடித்தம். மேசையில் நாலைந்து குச்சியை விட்டுவிட்டு எழுந்தால் மூன்று. கால் அழுக்காக இருந்தால் மூன்று. காலுக்கு, ஐயா! சில பிரிவுகளில் வாயைத் திறந்தால் மூன்று. தாமதமாக வந்தால் அரை நாள் கதவைச் சாத்திவிடுவார்கள், ஐந்து போச்சு. இப்போது கணக்குப் போடுங்கள். தாமதமாக வந்தவள் மதியம் உள்ளே போகிறாள். "ஏன்டி லேட்டு?" என்கிறாள் தோழி. இவள் பதில் சொல்லிவிட்டாள். ஐந்தும் மூன்றும் எட்டு. அன்றைய கூலி முடிந்தது! கேட்டவளுக்கும் மூன்று போச்சு, அது தனிக்கணக்கு. நம் நண்பர் இங்கே பேசிய பேச்சை அந்த ஆலையில் பேசியிருந்தால், வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மேடையிறங்கியிருப்பார்.

அந்த ஆண்டு ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். இரண்டு வாரங்களில் முதலாளிகள் அபராதத்தை நீக்கினார்கள். நாலு பெண்கள் பேசினால் என்ன நடக்கும் என்று கேட்டீர்களே நண்பரே, இதுதான் நடக்கும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒன்றே ஒன்று.

அந்தக் குச்சி முனையில் இருந்தது வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற நஞ்சு. வேலை செய்த இடத்திலேயே, அதே கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். முதலில் பல்வலி. அப்புறம் தாடை வீங்கும். அப்புறம் எலும்பே அழுகும். நாற்றம் தாங்காமல் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அந்தக் குச்சியைத் தடைசெய்ய இங்கிலாந்தில் 1908இல்தான் சட்டம் வந்தது.

ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் சுவரோரம் படுத்திருக்கிறாள். பல்வலி என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். காலை ஆறரைக்கு ஆலைக் கதவு முன்னால் நின்றாக வேண்டும். அம்மா பக்கத்தில் வந்து, "வலிக்குதாடி?" என்கிறாள். இல்லையென்று தலையாட்டுகிறாள்.

வீட்டில் கேட்கவாவது ஒருத்தி இருந்தாள், நடுவர் அவர்களே.